கிழித்து அனுப்பவும்

காரைக்காலில் இல்லப்பொருள் வளர்ச்சிக் கழகம் என்று ஒன்று இருந்தது. சாதாரணக் குடும்பங்களுக்குத் தையல் மெஷின், பிரஷர் குக்கர், மண்ணெண்ணெய் ஸ்டவ் முதலியவற்றைத் தவணையில் கிடைக்கச் செய்வது அதன் வேலை. எழுபதுகளின் நடுவில் அது ஆரம்பிக்கப்பட்டபோது ஆணையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பொருளை வாங்குகிற பிரிவு பாண்டிச்சேரியில் இருந்தது. பொருளைப் பற்றிக் கடிதம் எழுதுகிற பிரிவு காரைக்காலில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தமிழ்நாடு இருந்தது. பொருள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. கடிதம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கழகம் என்று சொன்னால் எந்தக் கழகம் என்று கேள்வி வரும் என்பதால், ஊர்க்காரர்கள் அதைக் கடுதாசி ஆபீஸ் என்றே சொன்னார்கள்.

கடிதத்தின் அடியில் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே பொடிப்பொடியாகத் துளை போட்ட கோடு. படிக்கிறவர் அந்தக் கோட்டில் கிழித்து, தன் பேரையும் விலாசத்தையும் எழுதித் தபால் பெட்டியில் போட வேண்டும். தபால்தலை வேண்டாம், அந்தச் செலவு கழகத்தைச் சேர்ந்தது. அப்படித் திரும்பி வருகிற அட்டைகளுக்குப் 'பதில்' என்று பெயர்.

கிளை மேலாளர் குஞ்சிதபாதம் திங்கள்கிழமைதோறும் ஊழியர்களைக் கூட்டி இதை விளக்குவார்.

"விக்கிறது கடைக்காரன் வேலை. நாம கடைக்காரங்களா? நாம அரசாங்கம். ஒரு மனுஷன் வீட்டுல உக்காந்து, தன் கையால, யாரும் கட்டாயப்படுத்தாம ஒரு அட்டையைக் கிழிக்கிறான் பாருங்க. அந்தக் கிழிசல்லதான் வளர்ச்சி இருக்கு."

கடிதங்களை எழுதிவந்தவர் தியாகராசன். குரும்பகரத்து விவசாயக் குடும்பம். நல்ல கையெழுத்து, அதைவிட நல்ல மரியாதை. அவர் கடிதம் நலம் விசாரிப்பதில் ஆரம்பிக்கும். பிறகு தையல் கலையின் சிறப்பு, பிறகு இரும்பின் தரம், பிறகு எண்ணெய் விட வேண்டிய இடங்கள். கடைசியில், "மேற்படி மெஷின் தங்களுக்குத் தேவைப்படும் பட்சத்தில், தங்கள் சௌகரியத்தை உத்தேசித்து, கீழே காணும் அட்டையைக் கிழித்து அனுப்பினாலும் அனுப்பலாம்" என்று முடியும்.

பதில் வருவது அபூர்வம். தியாகராசனுக்கு அதில் வருத்தம் இல்லை. மெஷின் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை என்ற அந்த நிலையில் ஒரு நிம்மதி இருந்தது. மேலும், பிரிவில் கடிதம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் எல்லாரும் கெட்டிக்காரர்தான் என்பதை அவர் அப்போது யோசித்ததில்லை.

எண்பதாம் வருஷம் பாலகுரு வந்து சேர்ந்தான்.

மெட்ராசில் ஏதோ பயிற்சி முடித்தவன். இளைஞன். முதல் நாளே தியாகராசனை "அண்ணே" என்று கூப்பிட்டான். தியாகராசன் எழுதிய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கி, முழுசாகப் படித்தான்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணே. ஆனா அட்டை ஏன் அடியில இருக்கு?"

"அட்டை அடியிலதான் தம்பி இருக்கும்."

"படிச்சு முடிச்சாத்தான் அங்க வருவாங்க. பாதியிலயே அடுப்புல பால் பொங்கிடும், புள்ளை அழுவும். அட்டையைப் பார்க்காமலே போயிடுவாங்கல்ல?"

அவன் எழுதிய முதல் கடிதம் ஒரே ஒரு கேள்வியில் ஆரம்பித்தது: "ராத்திரி விளக்கு வெளிச்சத்துல ஊசி கோக்கும்போது கண்ணு கலங்குதா அக்கா?" அதற்கு நேர் பக்கத்தில், வலது ஓரத்தில், அட்டை. அடியில் இல்லை.

"கடுதாசியைப் புடிச்சுப் பாருங்கண்ணே. வலது கை கட்டைவிரல் எங்க இருக்கு? அங்கதான் அட்டை இருக்கணும். கையை நகத்தவே கூடாது. அப்புறம், அட்டையில 'அனுப்பவும்'னு போடாதீங்க. 'எனக்கு மெஷின் வேணும்'னு போடுங்க. அது அவுங்க வாயில வர்ற வார்த்தை. நாம உத்தரவு போட்ட மாதிரி இருக்காது."

தியாகராசன் சிரித்தார். அலுவலகக் கடிதத்தில் கண் கலங்குவதாவது!

அடுத்த வாரம் தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு சாக்குமூட்டையை உள்ளே கொண்டுவந்து வைத்தார். எல்லாம் பதில் அட்டைகள். கோட்டுச்சேரிமேடு, பட்டினச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு. பேனா இல்லாதவர்கள் கண்மையால் விலாசம் எழுதியிருந்தார்கள்.

குஞ்சிதபாதம் மூட்டைக்குள் கையை விட்டு அளைந்தார். அறுவடைக் களத்தில் நெல்லை அளைந்து பார்க்கிற பண்ணையாரின் முகம் அவருக்கு அப்போது வந்திருந்தது.

"பாலகுரு, நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க. இங்க காத்து வராது."

ஜன்னல் பக்கம் இருந்தது தியாகராசனின் மேஜை.

அன்றிலிருந்து தியாகராசனுக்குத் தூக்கம் குறைந்தது. பாலகுருவிடம் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பார்த்தார். அவன் காலையில் சீக்கிரம் வந்தான். டீ வந்தால் முதல் தம்ளரை இவருக்குக் கொடுத்தான். மேஜை மாறியதற்காக இவரிடம் மன்னிப்பு வேறு கேட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த வசதியைக்கூட அவன் கொடுக்கவில்லை.

தியாகராசன் தன் பாணியை மாற்றிக்கொள்ளத் துணிந்தார். அட்டை ஓரத்தில் இருந்தாலே பதில் வருகிறது என்றால், நடுவில் வைத்தால் இன்னும் வராதா? "தைக்கும்போது நூல் அறுந்துவிட்டால் தாங்கள் உடனடியாகச் செய்ய வேண்டியது" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, அந்த இடத்தில் அட்டையை வைத்து, மீதியை மறுபக்கத்தில் போட்டார். சில பதில்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் இருந்தது: என்ன செய்ய வேண்டும்? அட்டையைக் கிழித்தபோது மறுபக்கத்தில் இருந்த மீதி வாக்கியமும் கூடவே வந்துவிட்டிருந்தது.

குஞ்சிதபாதம் இவரைக் கூப்பிட்டு, "உங்க முயற்சி தெரியுது" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

இதற்குள் மேலாளருக்கு விஷயம் தலைக்கு ஏறிவிட்டது. அட்டை இட நிர்ணயக் குழு என்று ஒன்றை அமைத்தார். குழுவுக்குத் தலைவர் அவரே. அட்டை வலது ஓரமா, இடது ஓரமா என்பது பற்றிக் குழு கூடியது. இடதுகைப் பழக்கம் உள்ளவர்களைப் புறக்கணிப்பதாகப் புகார் வரக்கூடும் என்பதால் இரண்டு ஓரத்திலும் வைப்பதென்று முடிவாயிற்று. அடுத்த கூட்டத்தில் மேலேயும் ஒன்று. பழைய மரபை மதித்து அடியிலும் ஒன்று.

"சார், ஒரு கடுதாசிக்கு ஒரு அட்டைதான் சார் இருக்கணும்" என்றான் பாலகுரு. "நாலு இருந்தா எதைக் கிழிக்கிறதுன்னு யோசிப்பாங்க. யோசிக்க ஆரம்பிச்சா கிழிக்க மாட்டாங்க."

"நாலையும் கிழிக்கட்டுமே!" என்றார் குஞ்சிதபாதம். "ஒரு வீட்டிலேருந்து நாலு பதில். பாண்டிச்சேரிக்கு என்ன தெரியும், நாலும் ஒரே வீடுன்னு?"

நான்கு பக்கமும் அட்டை வைத்ததில் நடுவே கடிதத்துக்கு உள்ளங்கை அளவு இடம் மிஞ்சியது. அதில் என்ன எழுதுவது என்று குழு மீண்டும் கூடியது. கழகத்தின் முத்திரையும் மேலாளரின் பெயரும் எழுதுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. மாடிகளிலிருந்து பக்தர்கள் மாம்பழம் வீசுவார்கள், கீழே கூட்டம் கையேந்தி நிற்கும். "அத்தனை கையும் சும்மா நீட்டிக்கிட்டு இருக்கு" என்றார் குஞ்சிதபாதம். ஊழியர்கள் கூட்டத்துக்குள் புகுந்து, நீட்டிய கைகளில் கடிதத்தைத் திணித்தார்கள். பெரும்பாலோர் கிடைத்த பழத்தை அதில் சுற்றி எடுத்துப் போனார்கள். 'மக்கள் கழகத்தின் கடிதங்களைப் பழத்துடன் பேணி இல்லம் கொண்டு சென்றனர்' என்று பாண்டிச்சேரிக்கு அறிக்கை போயிற்று. பாராட்டு வந்தது.

ஒரு திங்கள்கிழமை தியாகராசன் எழுந்து நின்றார். பாலகுருவின் வெற்றியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்ற எண்ணத்தில்தான் எழுந்தார்.

"சார், பதில் போட்டவங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

அறையில் எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். குஞ்சிதபாதம் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"இன்னொரு கடிதம். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.' அதுல இன்னொரு அட்டை. அதையும் அனுப்புவாங்க. ஒருத்தருக்கு ஆசையை உண்டாக்குறது எவ்வளவு பெரிய சேவை தெரியுமா, தியாகராசன்? பொருளைக் குடுத்துட்டா ஆசை போயிடும். அப்புறம் அவங்க நமக்கு எழுதவே மாட்டாங்க."

பாலகுரு கைதட்டினான். மேலாளர் சொன்னதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது கடிதத்தோடு மெஷினும் போகும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தியாகராசனின் மனைவி அஞ்சுகம் ஒரு தையல்காரருக்கு ரவிக்கை ஓரம் மடித்து, கொக்கி வைத்துக் கொடுப்பாள். எல்லாம் கைத்தையல். ஒரு மெஷின் இருந்தால் ரவிக்கையையே தைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. இதை அவள் அவ்வப்போது சொல்வாள். அவர் "பார்க்கலாம்" என்பார்.

ஒரு காலையில் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒரு அட்டையை நீட்டினாள்.

"ஏங்க, போற வழியில இதைத் தபால் பெட்டியில போட்டுடுங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். 'எனக்கு மெஷின் வேணும்.' அஞ்சுகம், கணவர் பெயர் தியாகராசன். குழு கூடுவதற்கு முன் போன கடிதத்தின் அட்டை. அதன் மூலையில் யாருடைய கடிதம் என்று தெரிவதற்காக அச்சடித்திருந்த எழுத்து: பா.

"இது என்னது?"

"மெஷினுக்குத்தான். கவர்மெண்ட்டுல தவணையில குடுக்குறாங்களாம். உங்க ஆபீஸுதானே, உங்களுக்குத் தெரியாதா?"

"வருஷக்கணக்கா நான் எழுதிக்கிட்டு இருக்கேன் அஞ்சுகம். ஒரு அட்டை கிழிச்சிருப்பியா நீ?"

"நீங்க எழுதினதா? எது?"

"அலமாரித் தட்டுல விரிச்சு வச்சிருக்கியே, அது."

அவள் போய்த் துவரம்பருப்பு டின்னைத் தூக்கிவிட்டு, குனிந்து படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "ஆனா வாங்கச் சொல்றீங்களா, வேணாங்குறீங்களா? ஒண்ணும் புரியலியே."

"இதை எழுதினவன் யாருன்னு தெரியுமா உனக்கு? பாலகுரு. எனக்குப் பின்னாடி வந்தவன்."

"யாரா இருந்தா என்ன? கஷ்டம் தெரிஞ்ச தம்பியா இருக்கு. ஊசி கோக்கும்போது கண்ணு கலங்குதான்னு கேட்டிருக்கு. இந்த வீட்டுல யாரு கேட்டா அப்படி?"

தியாகராசனுக்குக் காது சூடேறியது. தன் பெண்டாட்டி வேறொருவன் கடிதத்துக்குப் பதில் எழுதி, அதைத் தன் கையிலேயே கொடுத்துப் போடச் சொல்கிறாள். இப்படி ஒரு நிலைமை வேறு எந்த ஆபீஸ்காரனுக்கு வந்திருக்கும்?

"அஞ்சுகம், மெஷினே கிடையாது. குடோன்ல காலிப் பெட்டிகூட இல்லை. எல்லாம் வெறும் காகிதம்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொறாமை" என்றாள்.

"நெசமாத்தான் சொல்றேன்."

"நெசம்னா இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது சொல்லியிருப்பீங்க. நான் மெஷின் மெஷின்னு கேட்டப்ப எல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம்னீங்க. இன்னிக்கு அந்தத் தம்பி பேரு வந்ததும் இல்லேங்குறீங்க."

 அவள் சொன்னது சரி. அவர் சொன்னதும் உண்மைதான். சொன்ன காரணம் பொறாமைதான்.

அவள் அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, தெருமுனைத் தபால் பெட்டிவரை தானே நடந்தாள். அட்டை உள்ளே விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது. கேட்கிற தூரம் இல்லை. ஆனாலும் கேட்டது.

இரண்டு நாள் கழித்துப் பாலகுரு அந்த அட்டையோடு ஓடி வந்தான்.

"அண்ணே! அண்ணி போட்டிருக்காங்கண்ணே! நம்ம அண்ணி!"

அவன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தியாகராசன் தேடினார். இல்லை. அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம். அதுதான் தாங்க முடியவில்லை. குஞ்சிதபாதம் அந்த அட்டையை வாங்கி, வரவேற்பறைப் பலகையில் குண்டூசியால் குத்தி, கீழே தன் கையால் எழுதினார்: 'ஊழியரின் இல்லத்திலேயே ஊடுருவிய வெற்றி.' ஒரு வாரம் தியாகராசன் பின்வாசல் வழியாக ஆபீசுக்குப் போனார்.

அஞ்சுகத்துக்கு இரண்டாவது கடிதம் வந்தது. நடுவில் ஒரு வரி நன்றி, நான்கு பக்கமும் அட்டை. அவள் ஒன்றைக் கிழித்து அனுப்பினாள். மூன்றாவது கடிதம் வந்தது. கொக்கி வைத்த ரவிக்கைகளைக் கொடுக்கப் போன இடத்தில் பார்த்தால், அங்கே இருந்த பெண்கள் எல்லாரிடமும் அதே மூன்றாவது கடிதம் இருந்தது. பட்டினச்சேரியிலிருந்து மீன் விற்க வருகிற செல்லம்மா தன்னிடம் ஐந்தாவது கடிதம்வரை இருப்பதாகச் சொன்னாள். மூத்த மகளுக்கு மெஷின் வருகிறது என்று சொல்லித்தான் அவள் கல்யாணம் பேசியிருந்தாள். அஞ்சுகம் அவள் காதில் ஏதோ சொன்னாள்.

"நேர்ல போயி கேட்டுப்புடுவோம்" என்றாள் செல்லம்மா.

அவர்கள் போன நாள், பாண்டிச்சேரியிலிருந்து கழகத்தின் உயர் அதிகாரி காரைக்கால் கிளையைப் பார்வையிட வந்திருந்த நாள். வாசலில் கோலம் போட்டு, ரோஜா மாலை வாங்கி வைத்திருந்தார்கள். மாலையை எடுக்கிற நேரத்தில் தெருவை அடைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கடிதம்.

குஞ்சிதபாதம் அதிகாரியைப் பால்கனிக்கு அழைத்துப் போனார். கீழே கையை நீட்டிக் காட்டினார்.

"பாருங்க சார். அட்டையைப் போடுங்கன்னுதான் எழுதினோம். அட்டையா இவங்களே வந்துட்டாங்க. தபால் செலவுகூட நமக்கு மிச்சம்."

அதிகாரி கீழே பார்த்துக் கையசைத்தார். கூட்டத்திலிருந்து செல்லம்மாவின் குரல் எழுந்தது.

"கையைக் காட்டாதீங்கய்யா. மெஷினைக் காட்டுங்க!"

"தாய்மார்களே," என்று ஆரம்பித்தார் குஞ்சிதபாதம், "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி..."

"அதுதான் அஞ்சு கடுதாசியில எழுதிட்டியளே. குடோனைத் தொறங்க!"

கீழே பாலகுரு கூட்டத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். "இருங்கக்கா, இருங்க, எல்லாருக்கும் உண்டு, நானே எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, காவலாளியிடம் சாவியை வாங்கி அவனே குடோனைத் திறந்தான்.

உள்ளே கூரைவரை காகிதம் அடுக்கியிருந்தது. அடுத்த வருஷத்துக்கு அச்சடித்து வைத்த கடிதங்கள். மூலையில் ஒரே ஒரு தையல் மெஷின். விளம்பரத்துக்குப் போட்டோ எடுப்பதற்காக எப்போதோ வாடகைக்கு எடுத்து, திருப்பிக் கொடுக்க மறந்தது. அதற்கு ஊசி இல்லை.

 பெண்கள் அந்த மெஷினையே பார்த்தார்கள். பாலகுரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தியாகராசனைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"அண்ணே, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆரம்பத்திலேருந்தா?"

"ஆமா."

"ஏண்ணே சொல்லலை?"

நீ கேட்கவில்லையே என்று சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் பாலகுருவின் கண் நிறைந்திருந்தது. அவன் எழுதிய ஒவ்வொரு கடிதமும் மெஷின் இருக்கிறது என்று நம்பி எழுதியது என்பது தியாகராசனுக்கு அப்போதுதான் புரிந்தது. என்றாவது ஒரு நாள் இவன் விழுவான், அதைப் பார்க்க வேண்டும் என்று தான் காத்திருந்ததும் அப்போதுதான் புரிந்தது. பார்த்தாகிவிட்டது. எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

அஞ்சுகம் அவரைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்தாள்.

விசாரணை நடந்தது. கூட்டம் கூடியது மேலாளரின் சாதனை என்றும், கூடிய கூட்டம் கேள்வி கேட்டது எழுத்தரின் குற்றம் என்றும் விசாரணை அதிகாரி கண்டுபிடித்தார். குஞ்சிதபாதத்துக்குப் பாண்டிச்சேரியில் பெரிய பதவி கிடைத்தது. பாலகுரு, 'பொதுமக்களை நம்பவைக்கும் வகையில் எழுதிய' குற்றத்துக்காக மாஹேக்கு மாற்றப்பட்டான்.

தியாகராசனைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. 'திரு. தியாகராசன் எழுதிய கடிதங்களால் பொதுமக்களில் ஒருவர்கூட எவ்வித நடவடிக்கைக்கும் தூண்டப்படவில்லை என்பது ஐயமற நிரூபணமாகியுள்ளது. ஆகவே அவர் குற்றமற்றவர்.'

அவர் அதைப் பலமுறை படித்தார். படிக்கப் படிக்க முகம் கறுத்தது.

பாலகுரு கிளம்பிய அன்று அவர் பேருந்து நிலையத்துக்குப் போனார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் போனார். அங்கே பார்த்தால் பெண்கள் கூட்டம். பாலகுரு, அட்டை போட்ட ஒவ்வொருவருக்கும் தன் செலவில், தன் கைப்பட மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறான். அதைப் படித்துவிட்டு அத்தனை பேரும் வழியனுப்ப வந்துவிட்டார்கள். செல்லம்மா ஒரு பெரிய பொட்டலம் கருவாட்டை ஜன்னல் வழியாக அவன் மடியில் வைத்தாள். கண்டக்டர் வாசனை தாங்காமல் முணுமுணுத்தபோது, "தம்பி தெரியாம செஞ்சது, நீ கம்முனு ரைட் குடு" என்று அதட்டினாள்.

அந்தக் கடிதத்தில் அட்டை எதுவும் இல்லை. அப்படியும் ஆட்கள் வந்திருந்தார்கள். தியாகராசன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, பாலகுருவைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் காகிதம் எடுத்தார். தன்னைக் குற்றமற்றவர் என்று சொன்ன தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். தன் கடிதங்களாலும் மக்கள் தூண்டப்பட்டிருக்கக் கூடும் என்றும், தீர விசாரிக்காமல் தன்னை விடுவித்தது தன் பல வருஷ உழைப்பை அவமதிப்பது என்றும் எழுதினார். பாண்டிச்சேரியிலிருந்து பதில் வந்தது: தங்களால் தூண்டப்பட்டு வந்த ஒரே ஒரு நபரின் பெயரையாவது சாட்சியுடன் தெரிவிக்கவும்.

தியாகராசன் ஊரெல்லாம் யோசித்துப் பார்த்தார். ஒரு பெயரும் கிடைக்கவில்லை. வீட்டுக்குள்ளே அஞ்சுகம் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். குடோன் திறந்த நாளிலிருந்து அவள் அவரிடம் சாப்பாட்டு விஷயம் தவிர வேறு பேசியதில்லை.

"அஞ்சுகம், அன்னிக்கு நீ ஆபீசுக்கு வந்தியே, யாரால வந்தே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்க்கவில்லை.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்களாலதான்."

"என்னாலயா?"

"மெஷினே கிடையாதுன்னு சொன்னீங்கல்ல. பொறாமைன்னு சொல்லிப்புட்டேனே தவிர, மனசுக்குள்ள அது கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நெசமா பொய்யான்னு பாத்துப்புடணும்னுதான் வந்தேன். செல்லம்மா அக்காகிட்டயும் அதைச் சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். அந்தத் தம்பி கடுதாசியைப் படிச்சுட்டு இருந்தா இன்னும் அட்டைதான் கிழிச்சுக்கிட்டு இருப்போம்."

 வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரு தெரு நிறைய ஆள் வந்திருக்கிறது. அதை அவர் எழுதக்கூட இல்லை. சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டே, எரிச்சலில் சொன்னது.

"இதை எழுதிக் குடுப்பியா?"

"குடுக்குறேன். உண்மைதானே."

அவள் எழுதிக் கொடுத்ததைச் சேர்த்து அனுப்பினார். கழகம் இந்த முறை தாமதிக்கவில்லை. அலுவலக உண்மையைப் பொதுமக்களில் ஒருவருக்குத் தெரிவித்த குற்றத்துக்காக அவர் ஏனாமுக்கு மாற்றப்பட்டார்.

ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, அஞ்சுகத்துக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தது. தண்டனை வந்தவன் முகமாக அது இல்லை. தட்டில் சோறு போட்டபடியே கேட்டாள்.

"எந்த ஊரு?"

"ஏனாம். ஆந்திராப் பக்கம். தெலுங்குதான்."

"அந்தத் தம்பிக்கு?"

"மாஹே."

"அது எப்படிப்பட்ட ஊராம்?"

தியாகராசனின் முகம் மாறியது.

"மலையாளத்துப் பக்கம். பச்சைப்பசேல்னு இருக்குமாம். கடலும் இருக்கு, ஆறும் இருக்கு. ரயில்வே ஸ்டேஷன்கூட இருக்காம்." பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அவர் இடது கையால் காகிதத்தைத் தேடினார். "ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனை. அவனுக்கு மட்டும் மாஹேயா? கேட்டு ஒரு மனு போட்டாத்தான்..."

அஞ்சுகம் ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தாங்க, சொல்லிப்புடுறேன். ஏனாமுக்குன்னா நான் கூட வர்றேன். பாஷை தெரியாட்டியும் வர்றேன். மாஹேக்குன்னா நீங்க தனியாப் போங்க. அங்கேயும் அந்தத் தம்பியைப் பார்த்துப் பார்த்து நீங்க வேவுறதைக் கண்ணால பார்க்க என்னால ஆவாது."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காகிதத்தைத் தள்ளி வைத்தார். ரசம் ஊற்றச் சொன்னார். பாதி சாப்பாட்டில் தலையைத் தூக்கி, "ஏனாம்லயும் ஆறு இருக்காம்" என்றார்.

"சாப்பிடுங்க" என்றாள் அஞ்சுகம்.